டோபமைன் குறைந்ததால்தான் வேலையைத் தொடங்க முடியவில்லையா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இதுதான்: செய்ய வேண்டிய வேலை எது என்று தெரிகிறது, செய்தால் என்ன கிடைக்கும் என்பதும் தெரிகிறது, ஆனால் உட்கார்ந்து தொடங்க மட்டும் மனம் வரமாட்டேன் என்கிறது. கைப்பேசியை எடுத்தாலோ இரண்டு மூன்று மணி நேரம் போவதே தெரிவதில்லை. மூளை நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருள் குறைந்துவிட்டதா, அதற்கு ரத்தப் பரிசோதனை உண்டா, கைப்பேசி போன்ற தூண்டுதல்களைச் சில காலம் விட்டிருக்கும் ‘டோபமைன் விரதம்’ இருந்தால் சரியாகுமா, டோபமைனைக் கூட்டும் என்று சொல்லி விற்கும் பூனைக்காலிப் பொடியை வாங்கி வைத்திருக்கிறேன், சாப்பிடலாமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். இத்தனைக்கும் அடியில் நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. இது என் சோம்பேறித்தனமா, இல்லை மூளைக் கோளாறா என்பதுதான் அது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் நரம்பியல் மருத்துவர். பல ஆண்டுகளாக நான் பார்ப்பது பெரும்பாலும் பார்க்கின்சன் நோயாளிகளை; கை நடுங்கி, உடல் விறைத்து, அசைவு மந்தமாகும் நோய் அது. டோபமைன் உண்மையிலேயே வற்றினால் ஒரு மனிதர் எப்படி இருப்பார் என்பதையும், மருந்தால் அது அளவுக்கு மேல் போனால் என்ன ஆகும் என்பதையும் நேரில் பார்க்கிற வேலை இது. அதனால்தான் இந்தக் கேள்விக்கு விரிவாகப் பதில் எழுதத் தோன்றியது. உங்களைப் பரிசோதிக்காமல் உங்களுக்கு என்ன பிரச்சினை என்று சொல்ல முடியாது, சொல்லவும் போவதில்லை. டோபமைன் பற்றி உறுதியாகத் தெரிந்தது எது, ஊகம் எது, வெறும் பேச்சு எது என்பதைப் பிரித்துக் காட்டுகிறேன்.

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. டோபமைனைத் தயாரிப்பவை அவற்றில் சில லட்சம் மட்டுமே; பெரும்பாலும் நடுமூளையில் ஒரு சின்ன இடத்தில் குவிந்திருக்கின்றன. எண்ணிக்கை கொஞ்சம்தான் என்றாலும் ஒவ்வொன்றின் இழையும் கிளை கிளையாகப் பிரிந்து லட்சக்கணக்கான இணைப்புகளைத் தொடுகிறது. இவற்றின் முக்கியத்துவம் தெரியவந்தது 1950களின் கடைசியில். சுவீடனைச் சேர்ந்த ஆர்விட் கார்ல்சன், ரெசர்பின் என்ற மருந்தைக் கொடுத்து முயல்களை அசையாமல் கிடக்கும் நிலைக்குக் கொண்டுபோனார். பிறகு எல்-டோபா என்ற பொருளைச் செலுத்தினார். மூளைக்குள் போய் டோபமைனாக மாறும் பொருள் அது. கிடந்த முயல்கள் எழுந்து நடமாடின. இந்த ஆராய்ச்சிக்காக 2000இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் கார்ல்சனும் ஒருவர். இன்றுவரை பார்க்கின்சன் நோய்க்கு நாங்கள் கொடுக்கும் முதன்மையான மருந்து அதே எல்-டோபாதான்.

அந்த நோயில் நடுமூளையின் டோபமைன் நரம்பணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. நோயாளியிடம் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டிக் காட்டச் சொல்வோம். முதல் நாலைந்து தட்டு அகலமாக இருக்கும். அப்புறம் இடைவெளி சுருங்கிச் சுருங்கி, விரல்கள் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். ஒரு வரி எழுதச் சொன்னால் தொடக்கத்தில் ஓரளவு பெரிதாக இருக்கும் எழுத்து வரி முடிவதற்குள் பொடிப்பொடியாகிவிடும். சிலரிடம் இதோடு இன்னொன்றும் வரும். அவருடைய மனைவியோ மகளோ சொல்வது கிட்டத்தட்ட எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்: “கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை டாக்டர். பேப்பரைக் கையில் கொடுத்தால் படிக்கிறார். கொடுக்காவிட்டால் சாயங்காலம் வரை அப்படியே உட்கார்ந்திருக்கிறார்.” அவரையே கேட்டால், படிக்கப் பிடிக்கும் என்றுதான் சொல்வார். எடுத்துப் படிக்கலாம் என்ற நினைப்பு மட்டும் தானாக எழுவதில்லை. இந்த நோயில் வேறு வேதிப்பொருள்களும் குறைகின்றன என்பதால் எல்லாப் பழியையும் டோபமைன் மேல் போடக் கூடாது. ஆனாலும் மருந்து வேலை செய்யும் நேரத்தில் சிலருடைய நாட்டமும் நடையோடு சேர்ந்து திரும்புவதைப் பார்க்கலாம்.

இப்போது உங்கள் நிலையை இதோடு வைத்துப் பாருங்கள். டாங்கில் பெட்ரோல் தீர்ந்த வண்டி எந்தச் சாலையிலும் ஓடாது. உங்களுக்கோ ஒரு வேலை நகரவில்லை, கைப்பேசி மட்டும் மணிக்கணக்கில் ஓடுகிறது. ஒட்டுமொத்தமாக டோபமைன் குறைந்துவிட்டது என்ற விளக்கம் இந்த இடத்திலேயே இடிக்கிறது. உங்கள் ஊக்கம் எங்கேயும் போய்விடவில்லை. நீங்கள் விரும்பாத பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. ஆகவே எவ்வளவு டோபமைன் இருக்கிறது என்ற கேள்வியை விட, அது எதற்கு ஆதரவாக வேலை செய்கிறது, ஏன் என்ற கேள்விதான் உங்களுக்குப் பயன்படும்.

அதைப் புரிந்துகொள்ள, டோபமைன் என்றால் இன்பம் என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும். அந்த எண்ணம் வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1954இல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் இருவரும் எலிகளின் மூளையில் மெல்லிய மின்முனைகளைப் பொருத்தினார்கள். விசையை அழுத்தினால் மூளைக்குள் சிறு மின்தூண்டல் போகும். எலிகள் அந்த விசையை மணிக்கு நூற்றுக்கணக்கான தடவை அழுத்தின. மூளையின் இன்ப மையம் கிடைத்துவிட்டது என்று உலகம் முடிவு கட்டியது. மூளையின் அந்த நரம்புப் பாதையில் டோபமைனுக்குப் பங்கு இருப்பது பிறகு தெரிந்ததும் அதற்கு ‘இன்ப ஹார்மோன்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயர் இன்னும் போகவில்லை.

அமெரிக்காவில் கென்ட் பெரிட்ஜ், டெர்ரி ராபின்சன் குழுவினர் செய்த சோதனைகள் இதைப் புரட்டிப் போட்டன. எலிகளின் மூளையில் டோபமைன் இழைகளை ஏறத்தாழ முழுவதும் அழித்துவிட்டு, நாக்கில் சர்க்கரைக் கரைசலை விட்டார்கள். எலிகளுக்குச் சாப்பிடத் தோன்றவே இல்லை; முன்னால் உணவு இருந்தாலும் பட்டினி கிடக்கும். ஆனால் நாக்கில் இனிப்பு பட்டதும் மற்ற எலிகள் போலவே நாக்கை நீட்டிச் சப்புக்கொட்டின. கசப்பை விட்டால் வாயைப் பிளந்து முகம் சுளித்தன. சுவைத்து மகிழும் திறன் அப்படியே இருக்கிறது, தேடிப் போகும் உந்துதல்தான் போய்விட்டது. மரபணு மாற்றத்தால் டோபமைனே தயாரிக்க முடியாத சுண்டெலிகளும் இப்படித்தான்: எல்-டோபா கொடுக்காவிட்டால் சில வாரங்களில் பட்டினியால் செத்துவிடும். வேண்டும் என்ற உந்துதலும் பிடித்திருக்கிறது என்ற உணர்வும் மூளையில் வெவ்வேறு ஏற்பாடுகள் என்பது இன்று உறுதியான விஷயம். கைப்பேசியை நீட்டித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது முதல் பத்து நிமிடத்துக்குப் பிறகு பெரிய சந்தோஷம் ஒன்றும் இல்லை, ஆனாலும் விரல் நிற்கவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அந்த அனுபவத்துக்கு இந்தப் பிரிவினை நன்றாகப் பொருந்துகிறது.

அடுத்தது வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற மூளை ஆராய்ச்சியாளரின் குரங்குகள். இதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முடிவெடுப்பது பற்றி இந்தத் துறை கண்டுபிடித்தவற்றில் இதை விட அழகானது இல்லை என்பது என் எண்ணம். குரங்கின் ஒற்றை டோபமைன் நரம்பணு எப்போது துடிக்கிறது என்று மின்முனை வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எதிர்பாராமல் வாயில் ஒரு சொட்டுப் பழச்சாறு விழுந்தால் நரம்பணு படபடவென்று துடித்தது. பிறகு, ஒரு விளக்கு எரிந்து சிறிது நேரம் கழித்துச் சாறு வரும்படி செய்தார். குரங்கு அந்தத் தொடர்பைக் கற்றுக்கொண்டதும் துடிப்பு விளக்குக்கு இடம் மாறியது. சாறு வரும்போது நரம்பணு கண்டுகொள்ளவே இல்லை. அதே சாறுதான், குரங்கும் குடித்தது. ஆனால் அதில் இப்போது செய்தி எதுவும் இல்லை. விளக்கு எரிந்தும் சாறு வராமல் போனால், சரியாக அது வந்திருக்க வேண்டிய கணத்தில் வழக்கமான துடிப்பும் அடங்கியது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தையே இந்த நரம்பணுக்கள் சொல்கின்றன என்று பீட்டர் டயான், ரீட் மான்டகு ஆகியோருடன் சேர்ந்து 1997இல் அவர் எழுதிய கட்டுரை விளக்கியது. கணினிக்குப் பட்டறிவால் கற்றுக்கொடுக்க உருவாக்கிய கணக்கும் குரங்கின் நரம்பணு போடும் கணக்கும் ஒத்துப்போயின.

இதிலிருந்து கிடைப்பது என்ன? எதிர்பார்த்ததை விட நன்றாக அமைந்தால், அதற்கு முன்னால் செய்த செயலை மறுபடி செய்யத் தூண்டும் இணைப்புகள் வலுக்கின்றன. எதிர்பார்த்தது நடக்காவிட்டால் வலுவிழக்கின்றன. மைக்கேல் ஃபிராங்க் குழுவினர் 2004இல் இதைப் பார்க்கின்சன் நோயாளிகளிடமே காட்டினார்கள். இரண்டு குறிகளைக் காட்டி, எது அடிக்கடி சரியாக அமைகிறது என்று பட்டுத் தெரிந்துகொள்ளும்படி ஒரு சோதனை. மருந்து எடுத்திருந்தபோது நல்ல பலன் தந்ததைத் தேர்ந்தெடுப்பதில் தேறினார்கள். மருந்தை நிறுத்தி வைத்திருந்தபோது கெட்ட பலன் தந்ததைத் தவிர்ப்பதில் தேறினார்கள். ஆள் ஒருவர்தான், ஆனால் எந்தப் பாடம் மனதில் பதிகிறது என்பதை டோபமைன் அளவு மாற்றிவிடுகிறது. கைப்பேசித் திரையில் அடுத்து என்ன வரும் என்று தெரியாது, சில நேரம் எதிர்பாராமல் நல்லது வரும். ஆகவே இந்தக் கற்றல் முறையை அது நன்றாகப் பிடித்துக்கொள்கிறது என்ற வாதம் நியாயமானதுதான். ஆனால் திரையைத் தேய்க்கும் ஒவ்வொரு தடவையும் டோபமைன் பொங்கி வழிகிறது என்று காணொளிகளில் அடித்துச் சொல்கிறார்களே, அந்த அளவுக்கு மனிதரில் நேரடியாக அளந்த ஆதாரம் இல்லை. பொருத்தமான ஊகம் என்ற இடத்தில் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான ஆராய்ச்சி ஜான் சலமோனுடையது. அவருடைய எலிகளுக்கு ஆங்கில எழுத்து ‘டி’ வடிவில் ஒரு பாதை. ஒரு பக்கம் நிறைய உணவு, ஆனால் வழியில் ஏறிக் கடக்க வேண்டிய தடுப்பு. இன்னொரு பக்கம் கொஞ்சம் உணவு, தடுப்பு இல்லை. சாதாரண எலிகள் பெரும்பாலும் தடுப்பில் ஏறி நிறையச் சாப்பிடும். மூளையின் அடிப்பகுதியில் உள்ள அக்கும்பென்ஸ் என்ற இடத்தில் டோபமைனைக் குறைத்ததும் அவை சுலபமான பக்கமே போய்க் கொஞ்சமாகச் சாப்பிட்டுத் திருப்தியடைந்தன. பசி குறைந்ததா என்றால் இல்லை. ஏறத் தெம்பில்லையா என்று பார்ப்பதற்காக அந்தச் சுலபமான பக்கத்து உணவை எடுத்துவிட்டார்கள். அதே எலிகள் தடுப்பில் ஏறின.

இந்தக் கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள் என்று கேட்டுக்கொள்வேன். தெம்பு இருந்தது, ஆசை இருந்தது. உழைப்புக்கு ஏற்ற பலனா என்ற எடைபோடலில் உழைப்பின் பக்கம் கனத்துவிட்டது, அவ்வளவுதான். பக்கத்தில் சுலபமான வழி இருந்தபோது மட்டுமே அந்தக் கனம் தேர்வை மாற்றியது. மனிதரிடமும் இதே போக்கு தெரிகிறது. 2020இல் வெளியான ஓர் ஆய்வில், மூளையில் டோபமைன் தயாரிக்கும் திறனை இளைஞர்களிடம் ஸ்கேன் மூலம் அளந்துவிட்டு, கடினமான மூளைவேலைக்கு அதிகக் காசு, சுலபமான வேலைக்குக் குறைந்த காசு என்று தேர்வு கொடுத்தார்கள். டோபமைனைக் கூட்டும் மெத்தில்ஃபெனிடேட் கொடுத்தபோது, இயல்பாகவே தயாரிப்பு குறைவாக இருந்தவர்கள் கடினமான வேலையை அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். மருந்து அவர்களைக் கெட்டிக்காரர்களாக ஆக்கவில்லை. கவனத்தை உழைப்பின் சுமையிலிருந்து பலனின் பக்கம் சாய்த்தது. ஆளுக்கு ஆள் இந்த எடைபோடல் வேறுபடுகிறது, அந்த வேறுபாட்டில் ஒரு பகுதி உடம்பிலேயே இருக்கிறது என்பதை இது காட்டுகிறது. ‘சோம்பேறி’ என்று திட்டி வளர்க்கப்பட்டவர்கள் பலர். அவர்களுக்காகவாவது இதை உரக்கச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

அதற்காக, கூட்டினால் நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பார்க்கின்சனுக்கு நாங்கள் கொடுக்கும் மருந்துகளில் டோபமைன் போலவே நடிக்கும் ஒரு வகை உண்டு: பிரமிபெக்சால், ரோபினிரோல் போன்றவை. கை நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் நல்ல மருந்துகள். ஆனால் வாழ்நாளில் சீட்டைத் தொடாத மனிதர் இந்த மாத்திரை தொடங்கிய சில மாதங்களில் இரவெல்லாம் கைப்பேசியில் பந்தயம் கட்டிக்கொண்டிருப்பார். வங்கிக் கணக்கைப் பார்த்த பிறகே வீட்டுக்குத் தெரியவரும். சிலருக்கு அது வேண்டாத பொருள்களை வாங்கிக் குவிப்பதாக வரும், சிலருக்குக் கட்டுக்கடங்காத காம நாட்டமாக வரும். அவமானத்தால் நோயாளி தானாகச் சொல்ல மாட்டார், நாங்கள்தான் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். 2010இல் வெளியான, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்த ஓர் ஆய்வில், இந்த வகை மருந்து எடுப்பவர்களில் சுமார் 17 சதவீதம் பேருக்கும் எடுக்காதவர்களில் சுமார் 7 சதவீதம் பேருக்கும் இப்படிப்பட்ட கட்டுப்பாட்டுச் சிக்கல் இருந்தது. மருந்தைப் படிப்படியாகக் குறைத்ததும் பலருக்கு அந்த வெறி இறங்கிவிடுகிறது. தன் குணமே கெட்டுவிட்டது என்று நினைத்து உடைந்துபோன ஒருவர், இது மாத்திரையால் வந்தது என்று கேட்டதும் எவ்வளவு ஆறுதல் அடைகிறார் என்பதைப் பார்த்தால், குணம் என்றும் வேதியியல் என்றும் நாம் போட்டுவைத்திருக்கும் கோடு எவ்வளவு மெலிதானது என்று விளங்கும்.

டோபமைனைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். செய்தி கடத்தும் வேறு வேதிப்பொருள்களும் மூளையில் உண்டு. நார்அட்ரினலின் விழிப்பையும் கவனத்தையும் ஏற்றி இறக்குகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும், திட்டமிடும் மூளைப் பகுதிக்கு இதுவும் டோபமைனும் நடுத்தர அளவில் வேண்டும். குறைந்தாலும் கெடுதல், அளவு மீறினாலும் கெடுதல். கடுமையான மன அழுத்தத்தில் இவை அளவு மீறும்போது அந்தப் பகுதி பின்வாங்கி, பழக்கமும் பயமும் முடிவெடுக்கத் தொடங்குகின்றன. கெடு நெருங்க நெருங்கச் சிலர் வேலையைத் தொடவே முடியாமல் உறைந்துபோவதற்கு இது ஒரு காரணம். அடினோசின் என்ற பொருள் விழித்திருக்கும் நேரமெல்லாம் சேர்ந்துகொண்டே வந்து தூக்கத்தைக் கொண்டுவருகிறது. காபி வேலை செய்வது அதன் ஏற்பிகளை, அதாவது நரம்பணுவில் அது போய் ஒட்டும் இடங்களை, அடைப்பதால்தான். அடினோசினும் டோபமைனும் ஒன்றை ஒன்று எதிர்க்கும் இடங்கள் மூளையில் உண்டு, அதனால் தூக்கம் கெட்ட மறுநாள் எல்லா வேலையும் மலையாகத் தெரிவதில் வியப்பில்லை.

செரட்டோனின் விஷயத்தில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஜப்பானில் ஒகினாவாவில் செய்த சோதனைகளில், செரட்டோனின் நரம்பணுக்களை ஒளியால் தூண்டியபோது சுண்டெலிகள் உணவுக்காக அதிக நேரம் பொறுமையாகக் காத்திருந்தன. ஆனால் மனச்சோர்வு என்றால் செரட்டோனின் குறைவு என்று பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவந்த எளிய கணக்குக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று 2022இல் வந்த விரிவான மதிப்பாய்வு காட்டியது. செரட்டோனினைக் கூட்டும் மாத்திரைகளால் பலருக்குக் குணம் தெரிவதும் உண்மை. இரண்டும் முரண் இல்லை, மருந்து உதவுவதால் மட்டும் அந்தப் பொருளின் குறைவுதான் நோய்க்குக் காரணம் என்று ஆகிவிடாது. மூளைக் களைப்பு பற்றியும் ஒரு சொல். மன உறுதி என்பது பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகும் கையிருப்பு என்ற கருத்து 1998 முதல் பிரபலமாக இருந்தது. 2016இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து சோதித்தபோது அந்த விளைவு ஏறத்தாழ காணாமல் போனது. மாறாக 2022இல் பாரிஸில் ஒரு குழு, நாள் முழுக்கக் கடினமான மூளைவேலை செய்தவர்களிடம் மூளையின் முன்பகுதியில் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் சேர்வதாகவும், அவர்கள் உடனே கிடைக்கும் சுலபமான பலனைத் தேர்ந்தெடுக்கத் தொடங்குவதாகவும் காட்டியது. எனக்கு அது ஆர்வமூட்டும் முடிவு. அதன் மேல் கட்டடம் எழுப்ப இன்னும் நேரம் வரவில்லை.

சரி, பரிசோதனைக்கு வருவோம். உங்கள் மூளையின் டோபமைன் அளவைச் சொல்லும் ரத்தப் பரிசோதனையும் இல்லை, சிறுநீர்ப் பரிசோதனையும் இல்லை. டோபமைன் உடம்பின் மற்ற இடங்களிலும் தயாராகிறது, ஆனால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய முடியாதபடி ஒரு தடுப்பு இருக்கிறது. ‘நரம்பு வேதிப்பொருள் தொகுப்பு’ என்று சிறுநீரைச் சோதித்துச் சொல்லும் அறிக்கைகள் மூளையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கதிரியக்கப் பொருளைச் செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேனால் டோபமைன் அமைப்பை மறைமுகமாக அளக்கலாம். அது ஆராய்ச்சிக்கும், பார்க்கின்சன் போன்ற நோய்களில் சந்தேகம் தீர்க்கவும் பயன்படுகிறது; ஊக்கம் குறைந்ததற்குக் காரணம் காட்டப் பயன்படாது. குளிர்ந்த நீரில் இறங்கினால் டோபமைன் 250 சதவீதம் உயர்கிறது என்பதும் இதே ரகம். 2000இல் வந்த ஆய்வு அது. இளைஞர்கள் 14 டிகிரி நீரில் கழுத்தளவு ஒரு மணி நேரம் உட்கார்ந்தார்கள், உயர்ந்தது ரத்தத்தில் இருந்த டோபமைன். குளிர்ந்த குளியல் சிலருக்குச் சுறுசுறுப்பு தருகிறது என்பதை நான் மறுக்கவில்லை, அதற்கு அந்த எண்ணைச் சாட்சிக்கு அழைப்பதைத்தான் மறுக்கிறேன்.

டோபமைன் விரதத்தால் டோபமைன் குறைவதும் இல்லை, சேமிப்பாவதும் இல்லை. 2019இல் அதைப் பரப்பிய உளவியலாளர் கேமரன் சேப்பாவே, பெயரை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், இது பழக்கத்தை விடுவிக்கும் நடத்தைப் பயிற்சி என்றுதான் சொன்னார். யாருடனும் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதெல்லாம் பிறகு ஒட்டிக்கொண்டது. அதில் உருப்படியான பகுதி ஒன்றே ஒன்று: தூண்டுகிற பொருளைக் கைக்கெட்டாத தூரத்தில் வைப்பது. சலமோனின் எலிகள் ஏன் தடுப்பில் ஏறின என்பதை நினைத்துப் பாருங்கள். வேலை செய்யும் அறையில் கைப்பேசி இருக்கும்வரை உங்களுக்குச் சுலபமான பக்கம் திறந்தே இருக்கிறது. கவிழ்த்து வைப்பது போதாது, வேறு அறைக்குப் போகட்டும். அதை எடுக்க எழுந்து நடக்க வேண்டும் என்ற சின்ன உழைப்பே கணக்கை மாற்றும்.

இன்னொரு பக்கம், வேலையின் தடுப்பைத் தாழ்த்த வேண்டும். ‘அறிக்கையை முடிக்க வேண்டும்’ என்று மனதில் வைத்திருந்தால் மூளை முழு மலையையும் எடைபோடுகிறது. ‘கோப்பைத் திறந்து முதல் பத்தியை மட்டும் மோசமாகவாவது எழுதுவேன்’ என்றால் எடைபோட வேண்டியது கொஞ்சம்தான். எப்போது, எங்கே என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்: ‘காலையில் பல் துலக்கியதும் மேசையில் உட்கார்ந்து கோப்பைத் திறப்பேன்’ என்பது மாதிரி. பீட்டர் கோல்விட்ஸர் ஆராய்ந்த இந்த முறைக்கு 94 சோதனைகளைத் தொகுத்த 2006 மதிப்பாய்வு நல்ல ஆதரவு தந்தது. அந்தக் கணத்தில் முடிவெடுக்கும் வேலையே மிச்சமாவதுதான் இதன் பலம். பலனையும் அருகில் கொண்டுவாருங்கள். மூன்று மாதம் கழித்து வரும் பலனுக்கு இந்த நரம்பணுக்கள் இப்போது பெரிதாகத் துடிப்பதில்லை. முடித்த பகுதியை இன்றே ஒருவரிடம் காட்டலாம் என்றால் நிலைமை வேறு. மனம் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்காமல் செய்யத் தொடங்கினால் மனம் பின்னால் வரும் என்பது மனச்சோர்வு சிகிச்சையிலேயே சோதிக்கப்பட்ட அணுகுமுறை. 2016இல் பிரிட்டனில் 440 பேரிடம் நடந்த ஆய்வில், செயலைத் திட்டமிட்டுத் தொடங்க வைக்கும் சிகிச்சை, எண்ணங்களைத் திருத்தும் வழக்கமான பேச்சுச் சிகிச்சைக்கு ஈடாகப் பலன் தந்தது.

சோம்பலா, கோளாறா என்பதற்கு வருகிறேன். உங்கள் ஒவ்வொரு முடிவும் வேதியியல் வழியாகத்தான் நடக்கிறது, நல்ல முடிவும் அப்படித்தான். ஆகவே ‘வேதியியல்’ என்று சொல்லிவிட்டதால் உங்கள் கையில் ஒன்றுமில்லை என்று ஆகாது. அந்த எடைபோடலுக்குள் என்ன போகிறது என்பதில் தூக்கம், இடம், கைக்கெட்டும் தூரம், வேலையின் அளவு, இதற்கு முன் அந்த வேலையில் பட்ட அவமானம் எல்லாம் அடங்கும். இவற்றில் பலவற்றை மாற்ற முடியும். மாற்றியும் நகரவில்லை என்றால் அதற்காக உங்களைத் திட்டிக்கொள்வதில் ஒரு பயனும் இல்லை, மருத்துவரிடம் போக வேண்டும்.

எப்போது போக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்பு பிடித்தவை கூட இரண்டு வாரத்துக்கு மேலாகப் பிடிக்கவில்லை, தூக்கமோ பசியோ மாறிவிட்டது, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால் தாமதிக்க வேண்டாம். கடைசியாகச் சொன்னது இருந்தால் அன்றைக்கே போங்கள். சின்ன வயதிலிருந்தே கவனம் நிற்காமல் படிப்பிலும் வீட்டிலும் தொல்லைப்பட்டவர் என்றால் கவனக்குறைவுக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குச் சிகிச்சை உண்டு. தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 குறைவு, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கம் ஆகியவையும் இதே முகத்தோடு வரும். முதல் மூன்றையும் சாதாரண ரத்தப் பரிசோதனையே காட்டிவிடும். நீங்கள் கேட்ட டோபமைன் பரிசோதனைக்குச் செலவழிக்க நினைத்த பணத்துக்கு இதுதான் சரியான இடம். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடு, சில மனநல மருந்துகள் ஆகியவை டோபமைனைத் தடுப்பவை. அப்படி ஏதாவது எடுத்துக்கொண்டிருந்தால் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பூனைக்காலிப் பொடியைச் சாப்பிட வேண்டாம். அது வெறும் சத்துப் பொடி இல்லை என்பதால்தான் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன். அந்தப் பொடி தயாராகும் பூனைக்காலி விதையில் இருப்பது நாங்கள் மருந்தாகக் கொடுக்கும் அதே எல்-டோபா. பார்க்கின்சனுக்கு அதைப் பயன்படுத்தலாமா என்று முறையான ஆய்வுகளே நடந்திருக்கின்றன. மாத்திரையில் எல்-டோபா மூளைக்கு வெளியிலேயே டோபமைனாக மாறிவிடாமல் தடுக்க கார்பிடோபா என்ற துணைமருந்தைச் சேர்த்திருப்பார்கள். பொடியில் அது இல்லாததால் குமட்டலும் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றுவதும் எளிதில் வரும். மனச்சோர்வுக்கான பழைய மருந்துகளில் எம்ஏஓ தடுப்பான்கள் என்று ஒரு வகை உண்டு, அவற்றோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். முன்பு எப்போதாவது மனப்பிறழ்வு ஏற்பட்டவருக்கு அது திரும்பலாம். இவ்வளவுக்கும் ஈடாக, டோபமைன் நரம்பணுக்கள் நன்றாக இருக்கும் ஒருவருக்கு இதனால் வேலையில் நாட்டம் கூடும் என்று காட்டும் நம்பகமான ஆதாரம் கிடையாது. ஏற்கெனவே சில நாள் சாப்பிட்டிருந்தால் பயப்பட வேண்டாம், இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்தப் பாக்கெட்டையும் எடுத்துப் போங்கள், மற்ற மாத்திரைகளின் பெயர்களோடு அதையும் அவர் குறித்துக்கொள்ள வேண்டும்.